லேப்டாப்பில் செல்போன் சார்ஜ்: வசதியா, வம்பா?

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. "நாடு" என்றதும் பெரிய தேசம் என்று எண்ணிவிட வேண்டாம். மலைமேல் பல சிற்றூர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 2019-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனது. அன்று முதல் இந்த மூன்று நாடுகளும் அந்த மாவட்டத்தில் உள்ளன. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் பகுதி இது. சாமை விளையும். புளியும் பலாவும் காய்க்கும்.

இப்படிப்பட்ட மலை ஊரில் காற்றோடு மழை வந்தால் என்ன ஆகும்? மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழும். கரண்ட் போய்விடும். கீழே பட்டணத்தில் போன கரண்ட் ஒரு மணி நேரத்தில் வரலாம். மலையில் ஆள் ஏறி வந்து, அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் இரவு போய்விடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சிக்னல் பலவீனமாக உள்ள இடத்தில் செல்போன் சும்மா இருப்பது இல்லை. "கோபுரம் எங்கே, கோபுரம் எங்கே" என்று தேடிக்கொண்டே இருக்கும். அப்படித் தேடுவதற்குக் கூடுதல் சக்தி செலவாகும். எனவே பட்டணத்தில் ஒரு நாள் முழுதும் வரும் சார்ஜ், மலையில் மாலைக்குள் தீர்ந்துவிடும்.

அப்போது வீட்டில் இருப்பவர்களின் கண் எங்கே போகும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் லேப்டாப் மீது போகும். "பாப்பா, இந்தப் போனைக் கொஞ்சம் அதிலே சொருகும்மா" என்று அப்பா கேட்பார். பக்கத்து வீட்டு அத்தையும் கேட்பார். அடுத்த தெருப் பெரியப்பாவும் கேட்பார். அந்தப் பெண் யாருக்கு "இல்லை" என்று சொல்வாள்?

இது மலையில் மட்டும் நடப்பது அல்ல. மதுரையிலும் சென்னையிலும் ஆபீசில் வேலை செய்வோர் பலரும் லேப்டாப்பில் செல்போனைச் சொருகித்தான் வைத்திருக்கிறார்கள். இது சரியா? இதில் ஆபத்து உண்டா?

உண்டு என்றே சொல்வேன். ஆனால் பலர் பயப்படும் இடத்தில் ஆபத்து குறைவு. யாரும் பயப்படாத இடத்தில்தான் அது பதுங்கி இருக்கிறது.

வெடிக்குமா?

"லேப்டாப்பில் சார்ஜ் போட்டால் செல்போன் வெடித்துவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். இது வீண் பயம்.

லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் சாதாரண யு.எஸ்.பி. துளையில் வருவது 5 வோல்ட் மின்சாரம். பழைய வகைத் துளை அரை ஆம்பியர்தான் கொடுக்கும். நீல நிறம் பூசிய புதிய வகை பெரும்பாலும் 0.9 ஆம்பியர் கொடுக்கும். சுவரில் மாட்டும் சாதாரண சார்ஜரே 2 ஆம்பியர் கொடுக்கிறது. எனவே லேப்டாப் கொடுப்பது மெல்லிய ஓடை. நல்ல செல்போன், தனக்கு வேண்டிய அளவைத்தான் இழுத்துக்கொள்ளும். நிரம்பியதும் தானே நிறுத்திக்கொள்ளும்.

மேஜைமேல் நல்ல லேப்டாப், நல்ல ஒயர், பக்கத்தில் விழித்திருக்கும் ஓர் ஆள் என்று மூன்றும் இருந்தால் அஞ்ச வேண்டியது இல்லை.

அப்படியானால் வம்பு எங்கே?

கடன் வாங்கிக் கடன் கொடுத்தல்

முதல் வம்பு கணக்கில் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சிறு பிள்ளைக்கும் புரியும்.

இப்போது விற்கும் செல்போன்கள் பலவற்றில் 5,000 மில்லி ஆம்பியர் பேட்டரி இருக்கிறது. அதில் அடங்கும் சக்தி சுமார் 19 வாட்-மணி. சாதாரண லேப்டாப் பேட்டரியில் அடங்குவது சுமார் 40 வாட்-மணி. ஒரு குடத்தில் இருந்து இன்னொரு குடத்துக்கு ஊற்றும்போது கொஞ்சம் சிந்தும் அல்லவா? மின்சாரமும் அப்படித்தான். சிந்துவது சூடாக மாறிப்போகும். எனவே 19 நிரப்ப, ஏறக்குறைய 24 எடுக்க வேண்டும்.

அதாவது ஒரு செல்போனை நிரப்பினால் லேப்டாப்பில் பாதிக்கு மேல் காலி!

அதோடு முடியவில்லை. பழைய வகைத் துளையில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை வாட்-மணிதான் வரும். 19 நிரம்ப எட்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் லேப்டாப் திறந்திருக்க வேண்டும். மூடினால் பல லேப்டாப்களில் சார்ஜ் நின்றுவிடும். திறந்திருக்கும் லேப்டாப் சும்மா இருந்தாலும் மணிக்கு 5 முதல் 10 வாட்-மணி வரை தானே குடித்துவிடும். முடிவு என்ன? செல்போன் முழுதும் நிரம்புவதற்குள் லேப்டாப் படுத்துவிடும்.

"கடன் வாங்கிக் கடன் கொடுத்தவனும் கெட்டான்" என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா?

இன்று ஒரு நாள் இப்படி ஆனால் பரவாயில்லை. தினமும் ஆனால்? லேப்டாப் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. முழுதாக நிரப்பி முழுதாகக் காலி செய்தால் அது ஒரு சுற்று. சுமார் 300 முதல் 500 சுற்று ஆனதும் பேட்டரி தளர்ந்துவிடும். மாணவி பாடம் படித்துச் சுற்றுகள் தீர்ந்தால் அது நியாயம். ஊரார் செல்போனுக்கு உழைத்துத் தீர்ந்தால் அது நியாயமா?

யாருடைய சொத்து?

தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. பிளஸ்-2 மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் லட்சக்கணக்கில் பெற்றார்கள். பிறகு சில ஆண்டுகள் திட்டம் நின்றிருந்தது. 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினி அல்லது லேப்டாப் கொடுப்பதாக அரசு அறிவித்தது.

ஏழைக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய பொருள்! அந்த வீட்டில் அதற்கு முன் அவ்வளவு விலை உயர்ந்த சாமான் வந்திருக்காது. வானம் பார்த்த பூமியில் சாமை விதைக்கும் ஒருவரின் மகள் அதைத் திறந்து மனு போடுகிறாள்; பரீட்சைக்குப் படிக்கிறாள்; வேலைக்கு விண்ணப்பிக்கிறாள்.

பேட்டரி செத்துப்போன லேப்டாப், கரண்ட் இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். கரண்ட் போகும் மலையில் அதனால் என்ன பயன்? பட்டணத்துப் பிள்ளை கடைக்குப் போய் புதுப் பேட்டரி வாங்கி மாட்டிக்கொள்வான். மலையில் இருக்கும் பிள்ளை இறங்கிப் போக வேண்டும்; பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வராது. லேப்டாப் பெட்டிக்குள் போய்விடும். அதோடு அந்தப் பிள்ளையின் படிப்பும் பெட்டிக்குள் போய்விடலாம்.

என் அபிப்பிராயத்தில் முதல் ஆபத்து இதுதான். தீயை விட இது மெதுவாக வரும். ஆனால் அதிக வீடுகளுக்கு வரும்.

ஒயருக்குள் நான்கு கம்பி

இரண்டாவது வம்பு, அடுத்தவர் லேப்டாப்பில் உங்கள் செல்போனைச் சொருகுவது.

சார்ஜ் ஒயரைப் பார்த்தால் ஒரே கயிறு போல இருக்கும். சாதாரண ஒயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு சிறு கம்பிகள் இருக்கும். இரண்டு கம்பி மின்சாரம் கொண்டுபோகும். மற்ற இரண்டு? அவை விவரங்களைக் கொண்டுபோகும். படம், பாட்டு, கடிதம், எண்கள் எல்லாம் அந்த வழியாகப் போகலாம், வரலாம்.

சுவரில் உள்ள சார்ஜருக்குப் படிக்கத் தெரியாது. லேப்டாப்புக்குத் தெரியும். வித்தியாசம் அதுதான்.

செல்போனைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் லேப்டாப்பில் சொருகியதும் செல்போன் ஒரு கேள்வி கேட்கிறது. "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று ஒரு வகைப் போன் கேட்கும். "சார்ஜ் மட்டுமா, அல்லது பைல்களும் போகலாமா?" என்று இன்னொரு வகைப் போன் கேட்கும். ஐபோனில் இந்தக் கேள்வி 2013-ம் ஆண்டு முதல் வருகிறது.

ஆனால் கேள்வி எந்த மொழியில் வருகிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில்! எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மா என்ன செய்வார்? எதையோ கேட்கிறது என்று "ஓகே"யைத் தட்டிவிடுவார். வீட்டுக் கதவைத் தட்டியவன் யார் என்று பாராமல் தாழ்ப்பாளைத் திறந்த கதை அது.

செல்போனில் என்ன இல்லை? வங்கிக் கணக்கு இருக்கிறது. மாதாமாதம் வரும் உதவித்தொகையின் தகவல் இருக்கிறது. ஆதாருக்கு வரும் ரகசிய எண் இருக்கிறது. குடும்பப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. சில லேப்டாப்கள், நீங்கள் "சரி" என்று சொல்லிவிட்டால், செல்போனில் உள்ள படங்களைத் தாமே தங்களுக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். லேப்டாப்காரர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அவருக்கே தெரியாமல் அதில் வைரஸ் இருக்கலாம். அந்த லேப்டாப் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்பதும் தெரியாது.

2022-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி மக்களுக்காக ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. பண மோசடிகள் எப்படி எல்லாம் நடக்கின்றன என்று அதில் விளக்கி இருந்தது. சார்ஜ் ஒயர் வழியாக விவரம் திருடுவதும் அதில் ஒன்று. பொது இடங்களில் உள்ள சார்ஜ் துளைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க எப்.பி.ஐ. போலீசாரும் 2023-ல் எச்சரித்தார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒயர் வழியாகத் திருட்டு நடந்ததாக நிரூபிக்கப்பட்ட வழக்குகள் மிக அரிது. போன் மூலம் ஆசை காட்டி, ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கி ஏமாற்றுவதுதான் அதிகம். ஆனாலும் கதவைப் பூட்ட ஒரு விநாடிதான் ஆகும். பூட்டினால் என்ன நஷ்டம்?

பாயும் தலையணையும்

மூன்றாவது வம்பு சூடு. இங்கேதான் உயிருக்கு ஆபத்து.

செல்போனிலும் லேப்டாப்பிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. சிறிய உடலில் பெரிய சக்தி. அதைக் கண்டுபிடித்து வளர்த்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசே கிடைத்தது. அருமையான பொருள். ஆனால் அதற்குச் சூடு ஆகாது. 45 டிகிரிக்கு மேல் சூடான பேட்டரியைச் சார்ஜ் செய்யக்கூடாது என்பது பொது விதி. சூடு எல்லை மீறினால் உள்ளே உள்ள ரசாயனம் தானே சூட்டைக் கிளப்பும். பிறகு நிறுத்த முடியாது. புகை, பிறகு தீ.

பெரிய கம்பெனிகளுக்கும் இது தண்ணி காட்டி இருக்கிறது. 2006-ல் டெல் கம்பெனி தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்ப வாங்கியது. 2016-ல் சாம்சங் கம்பெனி தன் நோட்-7 செல்போன்கள் சுமார் 25 லட்சத்தைத் திரும்பப் பெற்றது.

லேப்டாப்புக்கு மூக்கு உண்டு. அடிப்பக்கத்திலும் ஓரத்திலும் உள்ள சிறு துவாரங்கள்தான் அதன் மூக்கு. அதன் வழியாகத்தான் சூட்டை வெளியே விடுகிறது. அதைப் பாய்மீது, மெத்தைமீது, போர்வைமீது வைத்தால் மூக்கைப் பொத்தியது போல. லேப்டாப்பும் சார்ஜில் இருக்கிறது. அதன் வயிற்றில் இருந்து செல்போனும் சார்ஜ் ஆகிறது. செல்போனை அதன் மேலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். இரண்டு அடுப்பை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல அல்லவா ஆகிறது?

2022 ஏப்ரலில் ஆந்திராவில் கடப்பா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். மென்பொருள் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் இளம்பெண் வீட்டில் இருந்தபடி வேலை பார்த்தார். லேப்டாப் சார்ஜில் இருந்தது. அவர் படுக்கையில் அமர்ந்திருந்தார். மின்கோளாறால் லேப்டாப் வெடித்துத் தீப்பிடித்தது. படுக்கையும் பற்றிக்கொண்டது. அந்தப் பெண் படுகாயம் அடைந்தார்.

அதற்கு முந்தைய மாதம், 2022 மார்ச்சில், நம் வேலூரிலேயே ஒரு துயரம். இரவில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. வீட்டுக்குள் புகை சூழ்ந்தது. ஒரு தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஸ்கூட்டர் பேட்டரி பெரிது. செல்போன் பேட்டரி சிறிது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். இந்த இரண்டு சம்பவமும் சொல்லும் பாடமும் ஒன்றே: எரியும் பொருளுக்கு அருகே சார்ஜ் கூடாது. எல்லாரும் தூங்கும்போது சார்ஜ் கூடாது.

கூரை வீட்டில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

விரல் நுனியில் சுருக்

லேப்டாப்பைத் தொட்டால் சில சமயம் "சுருக்" என்று இருக்கும். அதில் மாட்டிய செல்போனைத் தொட்டாலும் அப்படி இருக்கும். இது என்ன? பெரும்பாலும் எர்த் இல்லாத வீடு, அல்லது எர்த் முள் இல்லாத சார்ஜர். லேப்டாப் சார்ஜருக்கு மூன்று முள் இருந்தால் மூன்றையும் மாட்ட வேண்டும். துளை பொருந்தவில்லை என்று பெரிய முள்ளை உடைத்துவிட்டு மாட்டுவது மடத்தனம்.

நல்ல சார்ஜரில் இருந்து கசியும் மின்சாரம் மிகச் சிறிது. ஆனால் சந்தையில் விற்கும் போலிச் சார்ஜர் உள்ளே பழுதானால், சுவரில் உள்ள 230 வோல்ட்டே லேப்டாப் வழியாகச் செல்போனுக்கு வந்துவிடலாம். ஈரக்கையோடு அதைக் காதில் வைத்துப் பேசினால் உயிருக்கே ஆபத்து. சார்ஜர் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், "ஆர்" என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வீட்டை இழக்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

1. லேப்டாப்பில் சார்ஜ் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் போடுங்கள். ஓர் அவசரப் பேச்சுக்கு வேண்டிய அளவு ஏறினால் போதும்.

2. லேப்டாப்பை மேஜை, பலகை, அல்லது வெறும் தரைமேல் வையுங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள்.

3. தூங்கப் போகுமுன் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

4. செல்போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். வீட்டில் படித்த பிள்ளை இதைச் செய்து கொடுக்கலாம். கேள்வி புரிந்தால்தானே சரியான பதில் சொல்ல முடியும்?

5. அடுத்தவர் லேப்டாப்பில் சொருகும்போது "நம்பலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பதைத் தட்டுங்கள். "சார்ஜ் மட்டும்" என்பதே போதும். சார்ஜ் தானாக ஏறும்.

6. பேட்டரி உப்பினால், லேப்டாப் மூடி சரியாக மூடாமல் தூக்கினால், உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குத்தாதீர்கள். அமுக்காதீர்கள்.

7. புகை வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். அதன் பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். கரண்ட் உள்ளபோது தண்ணீர் கூடாது.

8. பணம் பறிபோனால் தாமதம் இன்றி 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

முடிந்தவர்கள் ஒரு சிறு பவர் பேங்க் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 10,000 மில்லி ஆம்பியர் அளவுள்ளது ஒரு செல்போனை ஒரு முறைக்கு மேல் நிரப்பும். அதற்குச் செல்போனில் உள்ளதைப் படிக்கத் தெரியாது. லேப்டாப்பும் பிழைக்கும்.

அரசு செய்ய வேண்டியது

"நீங்கள் சொல்வது எல்லாம் சரி. கரண்ட் இல்லாதபோது நாங்கள் எங்கே போவது?" என்று மலையில் உள்ளவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரசவ வலிக்கு ஆம்புலன்சைக் கூப்பிட அந்தச் செல்போன்தான் வேண்டும். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போன மகன் பத்திரமாக இருக்கிறானா என்று கேட்க அதுதான் வேண்டும். அதைச் சார்ஜ் செய்யாதே என்று எப்படிச் சொல்வது?

எனவே பழியை மக்கள் மேல் மட்டும் போடுவது தவறு. மலை ஊர்களில் சார்ஜ் செய்ய ஒரு பொது இடம் வேண்டும். பள்ளிக்கூடம், நூலகம், ரேஷன் கடை, அங்கன்வாடி என்று ஏதாவது ஒரு கட்டிடம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. அதன்மேல் 100 வாட் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தி, கீழே ஒரு பேட்டரியும் வைத்தால் போதும். நல்ல வெயிலில் நாலு மணி நேரத்தில் 400 வாட்-மணி கிடைக்கும். நம் கணக்கின்படி சுமார் 15 செல்போன்களை முழுதாக நிரப்பலாம். இரண்டு தகடு வைத்தால் 30 செல்போன். பூட்டுள்ள சிறு பெட்டிகள் வைத்தால் பெண்களும் கவலை இல்லாமல் போனை விட்டுவிட்டுப் போகலாம். குளங்களையும் சாவடிகளையும் பொதுவில் வைத்துக் காத்த ஊர்களுக்கு இது புதிய பழக்கம் அல்ல.

லேப்டாப் கொடுக்கும் விழாவில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரப் பாடம். பேட்டரியை எப்படிக் காப்பது, செல்போன் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது, எங்கே வைக்கக்கூடாது என்று மாணவர்களோடு பெற்றோருக்கும் தமிழில் சொல்லித்தர வேண்டும். மாதக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தாலும் லித்தியம் பேட்டரி செத்துப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். மாடு கொடுத்தால் தீவனம் சொல்லிக் கொடுக்கிறோம். விதை கொடுத்தால் பட்டம் சொல்லிக் கொடுக்கிறோம். லேப்டாப் கொடுத்தால் மட்டும் சும்மா இருக்கலாமா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகன், மகள் கையில் உள்ள லேப்டாப் பேசுவதற்குக் கரண்ட் ஊற்றும் குழாய் அல்ல. அதில் உள்ள ஒவ்வொரு மணி நேர சார்ஜும் ஒரு மணி நேரப் படிப்பு. அக்கம்பக்கத்தார் போனை நீட்டினால் பிள்ளையைத் தர்மசங்கடத்தில் விடாதீர்கள். "பிள்ளை படிக்கிறது" என்று நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். பேச்சு நாளைக்கும் பேசலாம். பரீட்சை நாளைக்குக் காத்திருக்காது.